கை நனைக்காத தலைவலி

சார், அந்தத் தைல டப்பாவ மூடி வெய்ங்க. கோச்சிக்காதீங்க, நல்லதுக்குத்தான் சொல்றேன். ஜன்னலோர சீட்டு, வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது, பஸ்ஸு இன்னும் கெளம்பல, டீ குடிக்கப் போன கண்டக்டரு டீத்தூள் வாங்க அஸ்ஸாமுக்கே போயிட்டாரு போல. இதுல நீங்க தைலத்தத் தடவினா அது வேர்வையோட எறங்கி நேரா கண்ணுக்குள்ள போகும். எனக்கு எப்டித் தெரியும்னா கேக்கறீங்க? ஒரு மனுஷன் கண்ணுக்குள்ள நானே எறக்கி வுட்டிருக்கேன் சார். சாதாரண மனுஷன் இல்ல. எங்க அக்காவுக்கு மாமனாரா வர வேண்டியவரு.

நான் டாக்டரா? இல்ல சார். பாலிடெக்னிக்கு. அதுவும் பாதி. மெக்கானிக்கல்ல சேந்தேன், நடுவுல காலேஜுக்கு என்ன புடிக்காம போயிடுச்சி. அப்பால ஏசி ரிப்பேர் கத்துக்கினேன், வுட்டேன். தர்பூஸ் கட போட்டேன், பாதிப் பழத்த நானே துன்னேன், அதையும் வுட்டேன். ஆனா வைத்தியம் மட்டும் ரத்தத்துலயே ஊறினது சார். கேட்டாலும் சொல்லுவேன், கேக்கலன்னாலும் சொல்லுவேன்.

பேரு டில்லிபாபு. வேலூர்ல சலவன்பேட்ட. மலை அடிவாரத்துல வீடு. கத்திரி வந்துச்சின்னா அந்த மலை பகலெல்லாம் வெயில முழுங்கிட்டு சாயங்காலம் எங்க மேல ஏப்பம் வுடும். போன கத்திரிலதான் இது நடந்தது.

எங்க அக்கா யமுனா ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில சூப்பர்வைசர். எத்தன மாப்ள வந்தாலும் வேணாம் வேணாம்னுடுவா. ஒருத்தன் குட்டைம்பா, ஒருத்தன் நெட்டைம்பா. திடீர்னு ஒரு நாளு தரகர் ஒரு ஜாதகம் கொண்டாந்தாரு. பையன் பேரு புருஷோத்தமன், ஊரு அரக்கோணம். வேல எங்கன்றீங்க? ராணிப்பேட்ட. அதே ஷூ கம்பெனி! தரகர் எங்கேந்து புடிச்சாரோ தெரியல, அவரு கைக்கு மோதரம் போடணும் சார். அத வுட அதிசயம், எங்க அக்கா போட்டோவக் கூட பாக்கல, சரின்னுட்டா. எங்கம்மா அன்னிக்கே அம்மனுக்கு கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினா.

நான் கூட கேட்டேன். "அக்கா, ஒரே கம்பெனியாச்சே, நீ அவர பாத்ததே இல்லியா?"

"கம்பெனி பெருசுடா"ன்னா.

பெருசுதான் சார். நானும் வெளிய நின்னு பாத்திருக்கேன்.

கத்திரில யாரும் பொண்ணு பாக்க வர மாட்டாங்க. ஆனா இவங்க வந்தாங்க. ஏன்னா பையனோட அத்த ஒண்ணு இருக்குது, அவன் அப்பாரோட தங்கச்சி, ருக்மணின்னு பேரு. பையனுக்கு அம்மா இல்ல, அதனால வீட்ல எல்லாமே அந்தம்மாதான். அதுக்கு ஒரு பொண்ணு இருக்குது, சிந்து. அந்தப் பொண்ண இந்தப் பையனுக்குக் குடுத்துடணும்னு அத்தைக்கு ஆச. பையன் முடியவே முடியாதுன்னு நிக்கறான். அப்பாரு நடுவுல மாட்டிக்கினாரு. கடைசில இன்னா பேச்சின்னா, ஞாயித்துக்கெழம எங்க வீட்ல வந்து பாக்கறது. அப்பாருக்கு மனசுக்குப் புடிச்சா சரி. இல்லன்னா புதன்கெழமையே சிந்துவுக்குப் பூ வெச்சிடறது. இத அந்தம்மாவே எங்க வீட்டு சோபால குந்திக்கினு எங்க கிட்டயே சொல்லுச்சி சார். "பூவுக்கு சொல்லியாச்சி, கதம்பம்"னுச்சி. இன்னா தெனாவட்டு பாருங்க.

சரி, வந்தாங்க. எங்க வீட்டு கேட்டு ஒரு மாதிரி சார். அத மேல தூக்கி, கீழ ஒதச்சி, அப்பால இழுக்கணும். தபால்காரரு இன்னிக்கு வரைக்கும் லெட்டர செவுத்துக்கு மேலதான் வீசறாரு. மாப்ள வந்தாரு, தூக்கினாரு, ஒதச்சாரு, இழுத்தாரு, உள்ள வந்துட்டாரு. நான் அசந்துட்டேன். உள்ள வந்து ஃபேன் போடறாரு, மூணாவது சுவிட்ச கரெக்டா தட்றாரு. எங்கப்பாவுக்கே அது மூணாவதுன்னு தெரியாது, தெனமும் மொதல்ல லைட்டப் போட்டு அணைப்பாரு. எங்கம்மா காதுல சொன்னேன், "அறிவு சொட்டுது ம்மா, வுட்டுடாதீங்க"ன்னு.

அப்பாரு பேரு கஜேந்திரன். பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவரு. பெரிய மீச, வழுக்கத் தல, நல்ல உருவம். நானெல்லாம் டிக்கெட் எடுக்காமயே பாலிடெக்னிக் போனவன் சார், அவரப் பாத்ததும் எனக்குக் கை தானா பாக்கெட்டத் தேடுச்சி.

வர வழில வேனு பஞ்சராம். காலைல வர வேண்டியவங்க உச்சி வெயில்ல வந்து எறங்கினாங்க. எறங்கின நேரம் சரியா எமகண்டம். அத்தைக்காரி காலண்டர பாத்துட்டு, "ஒன்றரை வரைக்கும் பொண்ண வெளிய கூப்பிடக் கூடாது"ன்னுடுச்சி. சரி, ஒக்காந்திருங்கன்னு எங்கம்மா மோர் கொண்டாந்தா. உடனே அந்தம்மா கைய நீட்டி நிறுத்துது, டிராபிக் போலீஸ் மாதிரி.

"நாங்க கை நனைக்க மாட்டோம்."

உங்களுக்கே தெரியும் சார். சில வீட்ல பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் ஒரு கட்டு கட்டிட்டு ஏப்பம் வுட்டுக்கினு போயி, ஊருக்குப் போயி போன்ல வேணாம்னு சொல்லுவாங்க. இவங்க வீட்டுப் பழக்கம் அப்டி இல்ல. பேச்சி முடியற வரைக்கும் பொண்ணு வீட்ல பச்சத் தண்ணி தொட மாட்டாங்க. ஒரு வாய் குடிச்சாலும் சம்மதம்னு அர்த்தம். குடிச்சிட்டு அப்பால வேணாம்னு சொன்னா சொந்தக்காரன் மொகத்துல முழிக்க முடியாது.

அதனால குந்தியிருந்தாங்க. வேர்த்து ஊத்துது. மலை மேல இருந்து சூடு எறங்குது. அப்பதான் கரண்டு போச்சி.

கொஞ்ச நேரத்துல பெரியவரு ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சிக்கினாரு. "மண்ட பொளக்குதுடா"ன்னாரு.

மாப்ள சொன்னாரு, "ப்பா, காலைல இருந்து தண்ணியே குடிக்கல நீ. அதான்."

"நீ சும்மா இரு, இது கண்ணேறு"ன்னுச்சி அத்த. "இந்த வீட்ல கால வெச்சதுல இருந்துதான்."

எங்கம்மா மொகம் செத்துப் போச்சி. எங்கப்பா என்னப் பாத்தாரு. எங்கப்பா ஒரு தைரியம் கெட்ட மனுஷன் சார், லாரிக்குப் பெயின்ட் அடிக்கறவரு, பின்னாடி 'சிங்கம்டா'ன்னு எழுதுவாரு, ஆனா ஹாரன் அடிச்சா ஓரம் போயிடுவாரு. நாந்தான் எழுந்தேன். இதுக்குத்தான சார் நான் பொறந்ததே?

"மாமா, கவலப்படாதீங்க. வாய் வழியா போனாதான கை நனைக்கறது? நான் வெளிய இருந்தே வைத்தியம் பாக்கறேன்"ன்னேன்.

"உள்ள மட்டும் எதுவும் போகக் கூடாது"ன்னுச்சி அத்த. ஆரம்பிச்சிட்டோம்.

மொதல்ல ஐஸு. பிரிட்ஜுல இருந்து எடுத்து துண்டுல சுத்தி அவரு வழுக்கைல வெச்சேன். ஆஹான்னாரு. ஆனா அந்த வழுக்கைல எதுவும் நிக்க மாட்டுது சார், சறுக்கு மரம் மாதிரி. ஐஸு கரையுது, தண்ணி நெத்தில எறங்குது, மூக்குல எறங்குது, மீசைல வந்து சேருது. சொட்டு சொட்டா தொங்குது. பெரியவரு கண்ண மூடிக்கினு இருக்காரு. பாத்தா, மெதுவா நாக்கு வெளிய வருது சார்! பல்லி பூச்சியப் புடிக்கற மாதிரி. மீச நுனில இருக்கற சொட்ட நோக்கிப் போகுது.

"ண்ணா! நாக்க உள்ள இழு!"ன்னு கத்துச்சி அத்த.

சடார்னு உள்ள போயிடுச்சி. பாவம் சார். ஒரு இன்ஸ்பெக்டரு நாக்கு.

"பட்டுச்சா? பட்டுச்சான்னு கேக்கறேன்"ன்னு அந்தம்மா கிட்ட வந்து மீசைய சோதன போடுது. அவரு வாழ்க்க பூரா எத்தன பேர சோதன போட்டிருப்பாரு!

ஐஸு கேன்சல். அப்பால பக்கெட்ல தண்ணி கொண்டாந்து அவரு கால எடுத்து உள்ள வெச்சேன். அத்த மொறச்சிது. "கைதான நனைக்கக் கூடாது, காலு?"ன்னு கேட்டேன். அந்தம்மா யோசிச்சி யோசிச்சி, "காலு போகட்டும்"னுச்சி. இத மட்டும் நாங்க ஜெயிச்சோம்.

இந்த நேரத்துல மாப்ள கை கழுவணும்னு எழுந்தாரு. நான் வழி காட்டலாம்னு திரும்பறதுக்குள்ள சமையக்கட்டுப் பக்கமா கொல்லைக்கிப் போயிட்டாரு. எங்க வீட்டுக்கு மொத மொத வரவங்கல்லாம் சாமி ரூம்புக்குள்ள நொழஞ்சி சோப்பு கேப்பாங்க. இவரு நேரா போறாரு! சமையக்கட்டுல ஏதோ கிசுகிசுன்னு சத்தம். எலி தொல்ல சார் எங்க வீட்ல.

அவரு வர வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? தைலத்த எடுத்தேன். நீங்க வெச்சிருக்கறதே தான், பச்ச மூடி. விரல்ல எடுத்து நெத்தி பூரா பூசினேன். அப்பவும் அவரு "உம்... உம்..."ன்னு மொனகறாரு. சரி, இது பெரிய எடத்துத் தலைவலி, பெருசாதான் பாக்கணும்னு சுக்க எடுத்து கல்லுல ஒரசி, லேசா சூடு பண்ணி, கெட்டியா ஒரு பத்து போட்டேன். தைலத்து மேல சுக்கு. ரோட்டு மேல தார் ஊத்தற மாதிரி. எங்கம்மா "போதுன்டா, போதுன்டா"ன்றா. வைத்தியம்னா பாதில வுடக் கூடாது சார். மத்ததெல்லாம் பாதில வுடுவேன், வைத்தியத்த வுட மாட்டேன்.

அது காஞ்சிருந்தா ஒண்ணுமில்ல. ஆனா மனுஷன் வேர்க்கறாரு பாருங்க. வேர்வ வந்து, தைலத்தக் கூப்ட்டு, தைலம் சுக்கக் கூப்ட்டு, மூணும் கை கோத்துக்கினு ஊர்வலமா கண்ணுக்குள்ள எறங்கிடுச்சி.

"ஐயோ! கண்ணு!"ன்னு எகிறினாரு பாருங்க. பக்கெட்டு கவுந்துச்சி. கூடம் பூரா தண்ணி. ஒரு கண்ணு மூடியிருக்குது, ஒரு கண்ணு செவந்திருக்குது, நெத்தில சுக்கு வழியுது, சாமி வந்த மாதிரி நிக்கறாரு.

"புருஷோத்தமா! வண்டிய எடு! போதும்டா சாமி!"

செத்தோம் சார். எங்கம்மா அப்டியே செவுத்துல சாஞ்சிட்டா. எங்கப்பா கைய கூப்பிக்கினு, "ஐயா, பையன் கொஞ்சம் வெளாட்டுப் புத்தி... ஐயா..."ன்றாரு. எனக்கு அவரு கைய கூப்பினதப் பாக்க முடியல சார். அது மட்டும் முடியல.

அத்தைக்காரி மொகத்துல தீவாளி. பைய எடுத்து தோள்ல மாட்டிக்கினுச்சி. "வா ண்ணா, நான் அப்பவே சொன்னேன். புதன்கெழம பூ வெச்சிடலாம்"னுச்சி. மாப்ள கொல்லைல இருந்து ஓடியாந்தாரு, வந்த எடத்துலயே நிக்கறாரு. வண்டிச் சாவி கைல இருக்குது, நவுர மாட்டறாரு. "ப்பா"ன்னாரு.

அப்ப எங்க அக்கா வெளிய வந்தா.

எமகண்டம் முடியல, யாரும் கூப்பிடல. ஒரு காதுல ஜிமிக்கி இருக்குது, இன்னொரு காது சும்மா இருக்குது. தல பாதிதான் பின்னியிருக்குது. பட்டுப்பொடவைய இடுப்புல தூக்கி சொருகிக்கினு, கைல ஒரு சொம்பு. நேரா அவருகிட்ட போனா. ஈர முந்தானையால அவரு கண்ணத் தொடச்சா. சுக்க வழிச்சி எடுத்தா. என் பக்கம் ஒரு பார்வ பாத்தா பாருங்க, கத்திரி வெயில்லாம் ஒண்ணுமே இல்ல சார்.

"மாமா, குந்துங்க"ன்னா. குந்தினாரு. செக்கிங் இன்ஸ்பெக்டரு சார்! பொசுக்குனு குந்திட்டாரு.

"மோர் இது. உப்பு தூக்கலா, இஞ்சி இல்லாம. குடிங்க. தலைவலி வெயில்ல வந்ததில்ல மாமா, தண்ணி குடிக்காம வந்தது. நீங்க சம்மதம் சொல்ல வேணாம். குடிச்சிட்டு வேணாம்னே சொல்லிட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இப்டி வெயில்ல காஞ்ச தொண்டையோட அரக்கோணம் வரைக்கும் போகாதீங்க."

சொம்ப அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டா. சொம்பு அப்டியே நிக்குது.

அவருக்கு இஞ்சி ஆகாதுன்னு இவளுக்கு எப்டித் தெரியும்னு நான் அப்பவே யோசிச்சேன். மூஞ்சப் பாத்தே சொல்றா சார். எங்க வம்சத்துல எல்லாருக்கும் வைத்தியம் ஓடுது.

"ண்ணா!"ன்னுச்சி அத்த.

பெரியவரு சொம்பப் பாத்தாரு. தங்கச்சியப் பாத்தாரு. சொம்ப வாங்கினாரு. தூக்கினாரு. மடக் மடக்குன்னு தொண்டைல எறங்கற சத்தம், எதிர் வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். சொட்டு வுடாம குடிச்சிட்டு சொம்ப கவுத்துக் காட்னாரு.

எங்கப்பாவுக்கு வாழ்க்கைல மொத மொறயா வீரம் வந்துச்சி. "கை நனச்சிட்டீங்க சம்பந்தி!"ன்னு கத்திட்டாரு.

"எந்த சம்பந்தி? அது மருந்து!"ன்னு அத்த பாஞ்சிது. "மருந்து கணக்குல வராது. ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தினா, ஆஸ்பத்திரிக்காரன் நமக்கு சம்பந்தி ஆயிடுவானா?"

சார், அந்தம்மாவ எனக்குப் புடிக்காது, ஆனா பாயின்ட்டு பாயின்ட்டுதான். எங்கம்மா "தொண்டைல போச்சில்ல, போனா போனதுதான்"ன்றா. அத்த "நோவுல குடிச்சது செல்லாது"ன்றா. நான் "காலும் நனச்சாரு, கண்ணும் நனைஞ்சிது, எல்லாத்தயும் சேத்துக் கூட்டுங்க"ன்னேன். ஒரே கூச்சல். எங்க அக்கா மட்டும் காலி சொம்ப வாங்கி நெஞ்சோட வெச்சிக்கினு தரையப் பாத்துக்கினு நிக்கறா.

பெரியவரு கைய தூக்கினாரு. எல்லாம் கப்சிப். அந்தக் கைக்கு பஸ்ஸே நிக்கும் சார், நாங்க நிக்க மாட்டோமா?

"ருக்கு சொல்றதுதான் சரி. நான் சட்டம் பாத்து வாழ்ந்தவன். தலைவலிக்குக் குடிச்சது மருந்துதான். கணக்குல வராது."

எங்கப்பா தொப்புனு தரைல குந்திட்டாரு, தண்ணி மேலயே. மாப்ள கண்ண மூடிக்கினாரு. அத்த பைய இன்னொரு தோளுக்கு மாத்துச்சி.

பெரியவரு எழுந்துக்கல. கழுத்த இந்தப் பக்கம் ஆட்னாரு, அந்தப் பக்கம் ஆட்னாரு. நெத்திய அமுக்கிப் பாத்தாரு. ரெண்டு கண்ணையும் தொறந்து எங்க அக்காவ நல்லா ஒரு தரம் பாத்தாரு, அந்த ஒத்த ஜிமிக்கி, பாதிப் பின்னல், எல்லாத்தயும்.

"தலைவலி வுட்டுப் போச்சி ருக்கு"ன்னாரு. "இப்ப எனக்கு ஒரு நோவும் இல்ல. தாகமும் இல்ல. இப்ப குடிச்சா, அது மருந்தில்லியே?"

அத்த தோள்ல இருந்த பைய கீழ எறக்குச்சி.

"யம்மா யமுனா, இன்னொரு சொம்பு கொண்டா. இந்த வாட்டி எல்லாரும் பாக்கக் குடிக்கறேன்."

அவ்ளோதான் சார், முடிஞ்சிது. எங்கம்மா அழுவறா, எங்கப்பா ஈரத்தோட எழுந்து அவர கட்டிப்புடிக்கறாரு. கடைசில அத்தைக்கும் ஒரு டம்ளர் குடுத்தோம். மொதல்ல மூஞ்ச திருப்பிக்கினு வாங்குச்சி. அப்பால ரெண்டாவது டம்ளரு கேட்டு வாங்குச்சி. மூணாவது டம்ளரு கேக்காமயே எடுத்துக்கினுச்சி. பாவம், அதுக்கும் காலைல இருந்து தலைவலிதானாம். வெளிய சொல்லல.

ஆனா ஒண்ணு சார், எல்லாரும் தலைவலி மோர்ல வுட்டுச்சின்றாங்க. சுக்கு போட்டது நானு. சுக்கு வேல செய்ய நேரம் ஆகும். கரெக்டா அது வேல செய்யற நேரத்துல இவ மோர குடுத்து பேர தட்டிக்கினு போயிட்டா. பரவால்ல, அக்காதான, போகட்டும்.

பெரியவங்கல்லாம் நாளு பாக்க ஒக்காந்துட்டாங்க. நான் சமையக்கட்டுக்குப் போறேன், எங்க அக்கா சிலிண்டர் பக்கத்துல தரைல குந்திக்கினு வாயப் பொத்தி அழுவறா. எனக்கு மனசு கேக்கல சார். திடீர்னு யாரோ தெரியாத ஒருத்தரக் கட்டிக்க சொன்னா பயம் இருக்காதா? பக்கத்துல போயி சொன்னேன், "அக்கா, முன்ன பின்ன பாக்காத மனுஷன்தான். ஆனா நல்லவரா தெரியறாரு. போகப் போகப் பழகிடும்"ன்னு.

அவ தலையத் தூக்கி என்னப் பாத்தா. அப்டியே சிரிக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் சிரிக்குது, விக்கல் வேற வருது. பின்னாடி திரும்பிப் பாத்தா கொல்ல வாசப்படில மாப்ள நின்னுக்கினு, அவரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கறாரு. ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க, திரும்பியும் சிரிக்கறாங்க. நிறுத்தவே மாட்டறாங்க சார். எனக்கு பக்குனு ஆயிடுச்சி. வெயிலு ரெண்டு பேரு மண்டைக்கும் ஏறிடுச்சி போலன்னு, கல்லுல மிச்சம் இருந்த சுக்க வழிச்சி, ரெண்டு பேரு நெத்திலயும் ஆளுக்கொரு பத்து போட்டு வுட்டுட்டேன்.